மலை ஏரியில் கரையிலிருந்து கெண்டை: ஹேர் ரிக் முறை குறித்த கேள்விகளும் பதில்களும்

கடற்கரையில் கொடுவா பிடித்துப் பழகியவன் நான். கொடைக்கானல் பக்கம் கரையிலிருந்து கொடுவா கிடைக்குமா?

கிடைக்காது. கொடுவா ஆற்றில் ஏறி நன்னீரில் வளரக்கூடிய மீன்தான் என்றாலும், இனப்பெருக்கத்திற்கு அது உப்புநீருக்குத் திரும்ப வேண்டும். வெதுவெதுப்பான நீரும் அதற்குத் தேவை. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் இருக்கும் கொடைக்கானலில் இவை இரண்டும் இல்லை. இங்கே கரையில் நின்று பிடிக்கத்தக்க பெரிய மீன் சாதாக் கெண்டையும் அதன் ஒரு வகையான கண்ணாடிக் கெண்டையும்தான்.

கொடுவா பிடிப்பவர் செயற்கை இரையை வீசி, இழுத்து, மீண்டும் வீசி, கரையோரமாக நடந்துகொண்டே இருப்பார். கெண்டையோ ஏரியின் அடிச்சேற்றை மேய்ந்து உண்ணும் மீன். அதன் கண் முன்னால் ஓடும் தகட்டு இரையைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. எனவே கடலில் கற்றவற்றுள் காற்றையும் தரையையும் படிக்கும் பழக்கத்தை மட்டும் கொண்டு வாருங்கள். ஓயாமல் வீசும் பழக்கத்தைக் கீழேயே விட்டுவிடுங்கள்.

இந்தக் கெண்டைகள் மலைக்கு எப்படி வந்தன?

இவை நம் ஆறுகளின் மீன்கள் அல்ல. 1939ஆம் ஆண்டில் ஜெர்மானிய வகைச் சாதாக் கெண்டை இலங்கையிலிருந்து உதகமண்டலத்துக்குக் கொண்டுவரப்பட்டது. குளிர்ந்த மலை நீர் அதற்கு ஒத்துப்போகவே, பிற மலைப் பகுதிகளுக்கும் பரப்பப்பட்டது. சமவெளிக் குளங்களில் வளர்க்கப்படும் சாதாக் கெண்டை பெரும்பாலும் 1957இல் பாங்காக்கிலிருந்து வந்த வேறொரு வழியினது. உடலெங்கும் சீரான செதில் இருந்தால் சாதாக் கெண்டை. பெரிய செதில்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்து மற்ற இடம் வழுவழுப்பான தோலாக இருந்தால் கண்ணாடிக் கெண்டை. தூண்டிலைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே முறைதான்.

மைதா உருண்டையும் தக்கையும் போட்டே பிடித்து வந்திருக்கிறோம். அதில் என்ன குறை?

சிறிய, நடுத்தர மீன்களுக்கு அதில் குறை எதுவும் இல்லை. பலமுறை பிடிபட்டு விடப்பட்ட, வயதான பெரிய கெண்டையிடம்தான் அது தோற்கிறது. கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது. அரைக்கும் பற்கள் தொண்டைக்குள் உள்ளன. அது வாயைக் குழாய் போல நீட்டி, நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சி, வாய்க்குள் வைத்துச் சோதித்து, பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் வெளியே ஊதிவிடும். இந்தச் சோதனை நொடிப் பொழுதில் முடிந்துவிடுகிறது. முள்ளின் மேல் மாவைப் பிசைந்து மூடினால் முள்முனை மாவுக்குள் புதைந்து கிடக்கும். மீன் ஊதும்போது மாவும் முள்ளும் ஒரே கட்டியாக வெளியே வந்துவிடும். தக்கை சற்றே ஆடி நிற்கும். நாம் ராடை, அதாவது தூண்டில் கோலை, தூக்கும்போது அங்கே மீன் இருக்காது. அதைச் சின்ன மீன் கொத்துகிறது என்று நினைத்து மாவை மாற்றிப் போடுவோம். பல நேரங்களில் அது சின்ன மீன் அல்ல.

அப்படியானால் ஹேர் ரிக் என்ன செய்கிறது?

இரையை முள்ளில் குத்தாமல், முள்ளின் அடியிலிருந்து தொங்கும் ஒரு மெல்லிய இழையில் கோர்ப்பதே இந்த முறை. முள் வெறுமையாகவே இருக்கும். 1970களின் இறுதியில் இங்கிலாந்தில் லென் மிடில்டன், கெவின் மேடாக்ஸ் என்ற இரு தூண்டில்காரர்கள், தொட்டியில் இருந்த கெண்டைகள் இரையை எடுப்பதையும் துப்புவதையும் கவனித்து இதை உருவாக்கினார்கள். முதலில் உண்மையான தலைமுடியிலேயே இரையைக் கட்டிப் பார்த்ததால் அந்தப் பெயர் நிலைத்தது.

மீன் இரையை உறிஞ்சும்போது வெறும் முள்ளும் பின்னாலேயே வாய்க்குள் செல்கிறது. துப்பும்போது இரை முன்னே வெளியேற, முள்முனை கீழுதட்டில் உரசிக் குத்துகிறது. குத்து உணர்ந்த மீன் பதறி ஓடுகிறது. அடியில் கிடக்கும் கனமான ஈயம் நரம்போடு (தூண்டில் நூலோடு) நழுவாமல் ஓரிடத்தில் நிற்கும்படி அமைக்கப்பட்டிருந்தால், அந்த ஓட்டத்தின் விசையிலேயே முள் உள்ளே இறங்கிவிடும். ராடை வெட்டி இழுக்கும் வேலை நமக்கு இல்லை. ஆகவே ஹேர் ரிக்கையும் கனத்த ஈயத்தையும் சேர்த்துத்தான் ஒரு முறையாகக் கருத வேண்டும். பழைய பழக்கத்தில் சின்னக் குண்டு ஈயத்தை நரம்பில் ஓடவிட்டுக்கொண்டு, இழையில் மட்டும் இரையைக் கோர்த்துவிட்டு, புதிய முறை பலிக்கவில்லை என்று சொல்பவர்கள் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்.

எப்படிக் கட்டுவது? அளவுகள் என்ன?

6 அல்லது 8ஆம் எண் முள்ளே போதும். சுமார் 25 செ.மீ. பின்னல் நரம்பை எடுத்து ஒரு முனையில் சிறு கண்ணி போடுங்கள். இரை அந்தக் கண்ணியில்தான் தொங்கும். மறுமுனையை முள்ளின் காது வழியே, பின்பக்கமிருந்து நுழைத்து இழுத்து, கண்ணிப் பகுதி முள்ளின் வளைவைத் தாண்டித் தொங்கும் அளவில் நிறுத்துங்கள். பிறகு நீண்ட முனையால், தொங்கும் இழையையும் சேர்த்து, முள்ளின் தண்டில் காதிலிருந்து கீழ்நோக்கி நெருக்கமாக ஏழெட்டுச் சுற்று சுற்றி, அதே காது வழியே முதலில் நுழைத்த பக்கத்திலிருந்தே மீண்டும் கொண்டுவந்து இறுக்குங்கள். இதில் தனியாக முடிச்சு எதுவும் இல்லை, சுற்றுகளே பிடித்துக்கொள்ளும். மீதி நீளத்தை ஸ்விவல் என்னும் சுழல் வளையத்தில் கட்டும்போது முள்ளுக்கும் ஸ்விவலுக்கும் இடையில் ஏறக்குறைய 15 செ.மீ. இருக்கட்டும்.

இழையின் நீளம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இரை தொங்கும்போது அதன் மேல்பகுதிக்கும் முள்ளின் வளைவுக்கும் நடுவே அரை செ.மீ. முதல் ஒரு செ.மீ. வரை இடைவெளி இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் இரை முள்ளின் வாயை அடைக்கும். கூடினால் இரை மட்டும் வாய்க்குள் போய் முள் வெளியே நின்றுவிடும். இரையைக் கோர்க்கக் கடை ஊசியே வேண்டும் என்பதில்லை, தையல் கடையில் கிடைக்கும் மெல்லிய குரோஷே ஊசி போதும். இரை நழுவாமல் இருக்கக் கண்ணிக்குள் செருகும் தடுப்பாக, துடைப்பத்தின் ஈர்க்குச்சியில் மூன்று மில்லிமீட்டர் துண்டு நறுக்கி வைத்துக்கொள்ளலாம்.

ஈயம் 60 முதல் 80 கிராம் வரை இருக்கட்டும். அதை முதன்மை நரம்பில் நிலையாகக் கட்டிவிடக் கூடாது. ஏதேனும் ஒரு காரணத்தால் நரம்பு அறுந்தால், மீன் அந்த ஈயத்தை வாயில் சுமந்துகொண்டு நீர்ச்செடிகளில் சிக்கிச் சாகும். முதன்மை நரம்பில் பாதிக்கும் குறைவான வலுவுள்ள மெல்லிய நரம்பால் ஈயத்தை ஸ்விவலில் கட்டுங்கள். சிக்கினால் ஈயம் மட்டும் அறுந்து விழும், மீன் விடுபடும். இதைச் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் தக்கையோடு இருப்பதே நல்லது.

இரை எதுவாக இருக்கலாம்? வெளிநாட்டு உருண்டைகளை வாங்க வேண்டுமா?

வேண்டாம். விலை கொடுத்து வாங்கும் பாய்லி உருண்டைகள் கடினமானவை, சிறு மீன்கள் கொத்திக் கரைக்க முடியாதவை என்பது உண்மையே. அதே குணம் நம் கொண்டைக்கடலைக்கும் உண்டு. இரவு முழுக்க ஊறவைத்து, விரலால் அழுத்தினால் லேசாக அமுங்கும் வரை வேகவைத்த கொண்டைக்கடலை ஒன்றோ இரண்டோ ஓர் இழைக்குப் போதும். வெந்த மக்காச்சோள மணிகள் மூன்றும் நன்றாக வேலை செய்யும். வேகாத, ஊறாத பயறு எதையும் ஏரியில் எறியாதீர்கள்; அது மீனின் வயிற்றுக்குள் போய் ஊதும்.

மைதா உருண்டை இழையில் நிற்காது. மண்புழு நிற்கும், ஆனால் ஜிலேபிக் கெண்டை உள்ள நீரில் அது ஐந்து நிமிடம் தாங்காது.

சுற்றிலும் தூவும் தீனிக்குத் தவிடும் பொடித்த கடலைப் புண்ணாக்கும் சம அளவில் கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாகவும் நீரில் விழுந்தால் சில நிமிடத்தில் உதிர்வதாகவும் ஈரப்படுத்திக்கொள்ளுங்கள். ஈயத்தைச் சுற்றி ஓர் எலுமிச்சை அளவு பிடித்து, அதன் ஓரத்தில் முள்ளையும் இரையையும் ஒட்டி வீசலாம். சிலர் கிலோக்கணக்கில் கொட்டுகிறார்கள். பெரிய நீர்த்தேக்கத்தில் அது வீண் செலவு. நீர்ச்செடி மண்டி ஏற்கெனவே மூச்சுத் திணறும் நகர ஏரியில் அது கேடு. இரண்டு கைப்பிடி போதும்.

கரையில் எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

புதிய முறையில் நாம் மிச்சப்படுத்தும் உழைப்பெல்லாம் இந்த ஒரு கேள்விக்குப் போக வேண்டும். தக்கையை வெறித்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாததால், தூண்டில் போடுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஏரியைச் சுற்றி வர மனம் இடம்கொடுக்கும். கொடைக்கானல் ஏரி 1863இல், அப்போதைய மதுரை கலெக்டர் வீர் ஹென்றி லெவிஞ்சின் முயற்சியில், ஓடை நீரைத் தடுத்து அமைக்கப்பட்டது. ஆகவே அது ஒரு பள்ளத்தாக்கு. நட்சத்திர வடிவில் விரியும் அதன் கைகள் ஒவ்வொன்றும் நீரில் மூழ்கிய ஓர் ஓடை வாய். கைகளின் நுனி ஆழம் குறைந்தும் சேறு நிறைந்தும் இருக்கும். ஏரியின் நடுவை நோக்கிப் போகப்போகத் தரை இறங்கும். கெண்டை காலையிலும் மாலையிலும் ஆழத்திலிருந்து நுனிக்கு மேய வருவது பழைய ஓடைத்தடத்தின் ஓரமாகத்தான். அந்தச் சரிவு தொடங்கும் இடம் பெரும்பாலும் கரையிலிருந்து எட்டக்கூடிய தூரத்திலேயே இருக்கும். அறுபது மீட்டர் வீசத் தெரிந்தவர் இருபது மீட்டரில் வீசத் தயங்குவதுதான் இங்கே காணும் வழக்கமான தவறு.

சரிவை அறிய வெறும் ஈயத்தை வீசி, அது அடியைத் தொடும் வரை எண்ணுங்கள். பிறகு மெல்ல இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் சேறு, தட்டித் தட்டி வந்தால் கல் அல்லது கட்டாந்தரை, பிடித்துக்கொண்டு பிறகு விட்டால் செடி. செடிக்கும் வெற்றுத் தரைக்கும் நடுவிலுள்ள எல்லையில் இரை விழ வேண்டும். காற்று வீசும் நாளில் அது எந்தக் கரையை நோக்கி வீசுகிறதோ அந்தக் கரையில் நில்லுங்கள். மிதக்கும் உணவு அங்கேதான் ஒதுங்கும், கலங்கிய நீரில் மீனும் துணிந்து கரைக்கு வரும். இது கடற்கரையில் கற்ற பாடம்தான்.

படகுகள் ஓடும் பகுதியை விட்டு விலகுங்கள். படகின் துடுப்பு நரம்பைச் சுருட்டினால் அது உங்களுக்கு நட்டம், படகில் இருப்பவருக்கு ஆபத்து. நரம்பு நீர்மட்டத்தில் விறைத்து நிற்காமல் அடியோடு கிடக்கும்படி ராடின் நுனியைத் தாழ்த்தி வையுங்கள்.

எந்தப் பருவம், எந்த நேரம்?

பழனி மலைகளில் கனமழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறது. ஓடைகள் புது வெள்ளம் கொண்டுவந்து முதல் இரண்டு நாள் ஏரி செம்மண்ணாகக் கலங்கும்போது எதுவும் கடிக்காது. கலங்கல் பால் தேநீர் நிறத்துக்குத் தெளியும் நாட்கள் மிக நல்லவை. டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலம். நீர் 10 டிகிரி செல்சியஸை நெருங்கினால் கெண்டையின் செரிமானம் மந்தமாகி, அது உண்பது வெகுவாகக் குறையும். அப்போது அதிகாலையில் எழுந்து நடுங்குவதில் பொருள் இல்லை. வெயில் பட்ட ஆழமற்ற நீர் சூடேறும் பிற்பகலே தகுந்த நேரம். மார்ச் முதல் மே வரை விடியலும் அந்தியும் நல்லவை. ஆனால் சீசன் கூட்டத்தில் நகர ஏரியின் கரையில் காலை எட்டு மணிக்கு மேல் ராடு வைக்க இடம் இருக்காது.

ராடும் ரீலும் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டுமா?

இல்லை. பத்தடி நீளமுள்ள, 80 கிராம் எறியத் தாங்கும் ராடும், 0.30 மி.மீ. மோனோ நரம்பு 150 மீட்டர் கொள்ளும் ஸ்பின்னிங் ரீலும் போதும். செலவழிக்க விரும்பினால் முள்ளுக்கும் அகலமான கைவலைக்கும் செலவழியுங்கள். மழுங்கிய முள் இந்த முறையில் அறவே உதவாது.

கடித்ததை எப்படி அறிவது?

ராடின் நுனியில் சின்ன மணி கட்டினால் போதும். ஓடும் கெண்டை நுனியை ஆட்டி விளையாடாது. நரம்பை உருவிக்கொண்டு போகும். அதனால் நரம்பு உருவும் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ரீலின் டிராக்கைத் தளர்த்தியே வையுங்கள். டிராக்கை இறுக்கிவிட்டுத் தேநீர் வாங்கப் போனவரின் ராடு ஏரிக்குள் போவது இந்த முறையில் மிக எளிதாக நடக்கும். மணி அடித்ததும் ராடை எடுத்து, டிராக்கை மெல்ல இறுக்கி, அமைதியாக வளைத்துப் பிடியுங்கள். பழைய பழக்கத்தில் ஓங்கி வெட்டினால், ஏற்கெனவே குத்திய முள் உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

அரை நாள் ஒன்றும் கடிக்கவில்லை. முதலில் எதை மாற்றுவது?

இடத்தை. அதன் பிறகு தூரத்தை. இரையை மாற்றுவது கடைசி. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரே குழியில் ஐந்து வகை இரையை மாற்றிப் போட்டுவிட்டு ஏரியில் மீனே இல்லை என்கிறார்கள். குமிழிகள் கொத்தாக எழுவது, சேறு புகைபோல் கலங்குவது, மீன் உருண்டு விழும் ஓசை ஆகியவை எங்கே தெரிகின்றனவோ அங்கே போங்கள். கடி வந்தும் மீன் தங்காமல் போனால் அப்போதுதான் இழையின் நீளத்தைத் திருத்த வேண்டும்.

அப்படியானால் தக்கையை விட்டுவிட வேண்டுமா?

அதற்கு நான் உடன்பட மாட்டேன். கரையை ஒட்டிய செடிகளின் இடுக்கில், இரண்டடி நீரில் மேயும் மீனுக்கு 70 கிராம் ஈயம் விழும் ஓசையே போதும், அது ஓடிவிடும். அங்கே ஒற்றைச் சோள மணியும் மெல்லிய தக்கையும்தான் சரி. குளிர்காலத்தில் ஓடாமல், நின்ற இடத்திலேயே மந்தமாக வாயசைக்கும் மீனிடமும் தானாகக் குத்தும் முறை சரியாக வேலை செய்வதில்லை, ஏனெனில் அந்த முறை மீனின் பதற்றத்தை நம்பி இருக்கிறது. அடியோரம் ஆழமாகவும் திறந்தும் இருந்தால் ஹேர் ரிக், நெருக்கமான கரையோரத்தில் தக்கை என்று பிரித்துக்கொள்வது என் வழக்கம்.

அனுமதி வேண்டுமா?

வேண்டும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நீர்நிலைக்கும் பொறுப்பாளர் வேறு: நகராட்சி, மீன்வளத் துறை, வனத் துறை, மின்வாரியம் என மாறும், விதியும் கட்டணமும் மாறும். போகும் வாரத்திலேயே உரிய அலுவலகத்தில் கேட்டு, சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேரிஜம் ஏரி காப்புக்காட்டுக்குள் இருப்பது, பெரியகுளத்தின் குடிநீர் ஆதாரம். அங்கே தூண்டிலை நினைக்கவே வேண்டாம். கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பிடித்த மீனை உண்ணலாமா?

கொடைக்கானல் ஏரியின் மீனை நான் உண்ண மாட்டேன், பிறருக்கும் கொடுக்க மாட்டேன். நகரில் இயங்கிவந்த வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. அதிலிருந்து வந்த பாதரசம் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் இருப்பதாக 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. பாதரசம் உணவுச் சங்கிலியில் மேலே போகப்போகச் சேரும் பொருள்; வண்டலைக் கிளறி உண்டு நெடுங்காலம் வாழும் கெண்டையை அந்த ஏரியிலிருந்து சமையலுக்கு எடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

விடுவதென்றால் ஒழுங்காக விட வேண்டும். கைவலையை முன்பே நனைத்து வையுங்கள். மீனைத் தரையில் புரளவிடாமல் ஈரப்புல்லிலோ நனைத்த சாக்கிலோ கிடத்தி, கையையும் நனைத்துக்கொண்டு, முள்ளைக் கழற்றுங்கள். முள்முனையருகே எதிர்ப்புறம் நீட்டி நிற்கும் கொளுவியை முன்பே குறடால் நசுக்கி வைத்திருந்தால் இது ஒரு நொடி வேலை. பிறகு நீருக்குள் வயிற்றைத் தாங்கிப் பிடித்து, அது தானாக வாலை அசைத்துப் போகும் வரை விடாதீர்கள்.

நீலகிரி நீர்த்தேக்கங்களிலும் இந்த முறை சரிவருமா?

கெண்டை இருக்கும் நீரில் சரிவரும், ட்ரவுட்டுக்குச் சரிவராது. ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நின்று பூச்சியையும் சிறு மீனையும் பிடிப்பது; அடியில் கிடக்கும் கடலையை அது தேடி வராது. அவலாஞ்சியில் நூறாண்டுக்கு மேற்பட்ட ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் இருப்பதும், அந்த மீனுக்கெனத் தனி விதிகள் இருப்பதும் தெரிந்தவையே. இன்னொரு வேறுபாடு, எமரால்டு, அவலாஞ்சி, மேல் பவானி போன்றவை நீர்மின் உற்பத்திக்கானவை. மின்தேவைக்கேற்ப நீர்மட்டம் ஏறி இறங்கும். நேற்று நின்ற கரை இன்று சேற்றுத் திடலாக இருக்கலாம், திடமாகத் தெரியும் அந்தச் சேறு முழங்கால் வரை இழுக்கும். மழைக் காலமும் வேறு: மேற்கு நீலகிரியில் தென்மேற்குப் பருவமே கடுமையானது, 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் தூண்டிலோடு போவதை நான் பரிந்துரைப்பதில்லை.

கரையில் காட்டெருமை வந்தால் என்ன செய்வது?

இரண்டு மலைகளிலும் இது அன்றாடம் நடப்பது, குறிப்பாக அந்தியில் தண்ணீர் குடிக்க வரும்போது. கூச்சலிடாமல், கல் எறியாமல், அதன் வழியை அடைக்காமல், பக்கவாட்டில் மெல்ல விலகிப் போய்விடுங்கள். ராடை எடுக்கத் திரும்பி வராதீர்கள். டிராக்கைத் தளர்த்தி வைத்திருந்தால், இடையில் மீன் மாட்டினாலும் ராடு கரையிலேயே கிடக்கும்.